தந்தை மடியில் குத்திய காது

என் எழுபதாம் அகவை நிறைவை முன்னிட்டுப் பழைய மாணவர்கள் ஒரு மலர் வெளியிட்டார்கள். அதில் என் வாழ்க்கைக் குறிப்பை எழுதிய அன்பர் ஒரு வரி சேர்த்திருந்தார். தொண்ணூறுகளின் நடுவில் நான் மலேசியாவிலிருந்து என் இளம் மகளை உடன்கொண்டு கோவை வட்டாரத்துக்குச் சென்று, அங்கே ஈராண்டுகள் தன்னார்வத் தொண்டனாக வாழ்ந்தேன் என்பதும், அவ்வூரார் எங்களைத் தம்முள் இருவராகவே ஏற்றுக்கொண்டனர் என்பதும் அந்த வரியின் கருத்து. மெய்ப்புப் படி என் கைக்கு வந்தது. ஒற்றுப் பிழைகள் பலவற்றைத் திருத்தினேன். அந்த வரியைத் திருத்தவில்லை.

அன்று தொட்டு அது உறுத்துகிறது. ஈராண்டுகள் இருந்தவன் நான் மட்டுமே. என் மகள் பதினொரு திங்களில் திரும்பிவிட்டாள். அவள் திரும்ப நேர்ந்தது என்னால். அதை முழுதும் அறிந்த பெரியவர் மூவர். அவருள் ஒருவர் சென்ற ஆண்டு மறைந்தார். இன்னொருவருக்கு எழுதும் பழக்கம் இல்லை. எஞ்சியவன் நான். அச்சில் ஏறிய பிழைக்கு அச்சிலேயே திருத்தம் வெளியிடுவது நூலோர் மரபு. ஆகவே இதை எழுதுகிறேன்.

என் மனைவி மறைந்து அப்போது ஈராண்டு ஆகியிருந்தது. நான் ஈப்போ நகருக்கு அருகே ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆசிரியன். கோவையில் இயங்கிய ஒரு தொண்டமைப்பு, எழுத்தறியாத பெரியவர்களுக்கு எளிய பாட நூல் எழுதவும் மாலை வகுப்பு நடத்தவும் ஆள் வேண்டும் என்று அயலகத் தமிழர்களுக்கு மடல் விடுத்திருந்தது. ஊதியம் கிடையாது, வீடும் உணவும் அவர்கள் பொறுப்பு. பள்ளியில் ஈராண்டு விடுப்புப் பெற்றேன். தமிழ்ப்பற்றினால் போகிறேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். மனைவியின் சேலைகள் மடித்து வைத்திருந்த நிலைப்பேழையைக் கடந்து நடக்க இயலவில்லை என்பதை எவரிடமும் சொல்லவில்லை.

மகளுக்கு ஐந்து அகவை. அவளை அழைத்துச் செல்வதை என் மனைவியின் தமக்கை விரும்பவில்லை. தாயில்லாப் பெண் குழந்தையை ஊர் தெரியாத ஊரில் ஓர் ஆண் தனியாக வளர்ப்பதாவது என்றார். நெடுநேர வழக்குக்குப் பின் ஓர் உடன்பாடு எட்டப்பட்டது. ஆண்டிறுதி விடுமுறைக்குள் குழந்தை அங்கே பொருந்திவிட்டால் நன்று. அவள் தன் வாயாலேயே ‘பெரியம்மாவிடம் போகிறேன்’ என்று சொல்லிவிட்டால், நான் மறுப்பின்றி அனுப்பிவிட வேண்டும். அதன்பின் அவளை வளர்ப்பது அவர் பொறுப்பு. இரு வாரங்களுக்கு ஒருமுறை தொலைபேசியில் குழந்தையின் குரலை அவர் கேட்க வேண்டும் என்பதும் உடன்பாட்டில் அடங்கும்.

தைத் திங்களில் கிணத்துக்கடவுக்கு வந்து சேர்ந்தோம். ஊரின் விளிம்பில், தென்னந்தோப்புகளுக்கு இடையே ஓர் ஓட்டு வீடு. முன்புறம் சிறு வாயில். பின்புறம் கிளுவை வேலி. வேலிக்கு அப்பால் ஒரு பெரிய வீடும், கொப்பரை உலர்த்தும் களமும். தமிழ் பேசும் நாட்டுக்குத் தமிழன் போவதில் அயன்மை என்ன இருக்க முடியும் என்று எண்ணியிருந்தேன். நான் பேசியதை எல்லாரும் புரிந்துகொண்டார்கள். புரிந்துகொண்டு, மதிப்போடு ஓர் அடி விலகி நின்றார்கள். மளிகைக் கடையில் எனக்கு முன் நின்றவர்கள் வழிவிட்டார்கள். தேநீர்க் கடையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. அவ்வூரில் ஒருவரை ஒருவர் மாமன் என்பார்கள், மச்சான் என்பார்கள், அண்ணன் என்பார்கள். எல்லாம் குலவழியை அறிந்து வைத்துக்கொண்ட முறை. என் குலம் எது என்று நயமாகக் கேட்டார்கள். சாதியை மறுத்த குடும்பம் எங்களுடையது; தெரியாது என்று பெருமையாகச் சொன்னேன். அத்துடன் என்னை எந்த முறையில் அழைப்பது என்பதற்கு வழி இல்லாமற் போயிற்று. நான் ‘சார்’ ஆனேன். ஈராண்டும் ‘சார்’தான்.

முதல் இரண்டு திங்கள் மகள் ஒழுங்காக உண்ணவில்லை. ஈப்போவில் காலையில் தேங்காய்ப்பாலில் வெந்த சோறு உண்டு பழகியவள். கண்ணுக்கெட்டிய தொலைவு தென்னை நின்ற ஊரில் எனக்கு அதைச் சமைக்கத் தெரியவில்லை. பாலில் நீர் கூடிக் கஞ்சியாயிற்று, அல்லது அடிப்பிடித்தது. அவள் ஒரு வாய் உண்டு, என்னைப் பார்த்து, தட்டை மெல்லத் தள்ளி வைப்பாள். குறை சொல்ல மாட்டாள். அது இன்னும் கொடிது. அவளுடைய தலைமுடியை எனக்குப் பின்னத் தெரியாது. ரப்பர் வளையம் போட்டு ஒரு கொத்தாகக் கட்டிவிடுவேன். பள்ளியில் அவளைத் ‘தென்னங்குருத்து’ என்று அழைத்தார்களாம். மாலை வகுப்புக்கு அவளையும் கூட்டிச் செல்வேன். களத்துத் தொழிலாளிப் பெண்கள் பலகையில் எழுதிப் பழகும் வேளையில் அவள் சாக்குக் குவியலின்மேல் உறங்கிப்போவாள். தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு இட்டேரி வழியே வீடு திரும்புவேன். இட்டேரி என்பது இருபுறமும் வேலி அடர்ந்த மண்பாதை. அந்தக் காற்றும் அந்த மண்பாதையும் அந்தத் தோள் கனமும் சேர்ந்து இன்றும் கனவில் வருகின்றன.

பங்குனியில் ஒரு காலை, பள்ளிக்குப் புறப்படும் நேரம். நான் சீப்பை வைத்துக்கொண்டு திணறுகிறேன். குழந்தை வலியில் முகம் சுளிக்கிறாள். கிளுவை வேலியில் ஆள் நுழையுமளவு ஓர் இடைவெளி உண்டு. அதன் வழியாக அடுத்த வீட்டு அம்மையார் வந்தார். நாற்பத்தைந்து அகவை இருக்கும். கேளாமலே என் கையிலிருந்து சீப்பை வாங்கினார்.

“ஏனுங் சார், தேங்கா நாரு உரிக்கறாப்பல இழுக்கறீங்க. புள்ளையோட தலைங்க அது.”

ஐந்தே மணித்துளியில் இரட்டைச் சடை. அவர் மகளின் முகவாயைப் பிடித்து அப்புறமும் இப்புறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “வா அம்மணி, ஒரு வாய் தின்னுபோட்டுப் போலாம்” என்று வேலிக்கு அப்பால் கூட்டிக்கொண்டு போனார். அங்கே அவளுக்கு அரிசியும் பருப்பும் சேர்த்து வெந்த சோறு, நெய் விட்டுக் கொடுத்தார்கள். இரண்டு முறை கேட்டு வாங்கி உண்டாளாம்.

அந்த வீட்டுக்காரர் தோப்புக்கும் களத்துக்கும் உரியவர். மகன்கள் இருவரும் வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்தார்கள். பெண் குழந்தை இல்லை. அதிகம் பேசாதவர். குழந்தை தோப்புக்கு வந்தால் தமக்குப் பின்னால் வரப்பில் நடக்க விடுவார். இளநீர்க் காயைச் சீவி அவளுக்குப் பிடிக்குமளவு சிறியதாகத் தேர்ந்து கொடுப்பார். சில வாரங்களில் அவள் அவரை ‘மாமா’ என்றாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். ஒருவரும் சொல்லவில்லை, மாமாதானே என்றாள்.

வைகாசிக்குள் அவள் மாறிவிட்டாள். கன்னம் உப்பியது. அவளுடைய பேச்சும் அவ்வூர்ப் பேச்சாயிற்று. வீட்டில் என்னையும் ‘வாங்கப்பா, போங்கப்பா’ என்றாள். மாலையில் வகுப்பு முடிந்து நான் வரும்போது அவள் அங்கே உண்டு, கால் கழுவி, அந்த அம்மையாரின் மடியில் தலை வைத்துப் படுத்திருப்பாள். கூட்டிவர நிற்பேன். “தூங்கட்டுமுங்க சார், காலைல அனுப்பறனுங்க” என்பார். என் வீட்டில் நான் விளக்கைப் போட்டு, ஆறிய சோற்றை உண்டு, பாட நூலுக்குச் சொற்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருப்பேன். வேலிக்கு அப்பால் சிரிப்பொலி கேட்கும். என் மகள் என்ன சொல்லி அவர்களைச் சிரிக்க வைக்கிறாள் என்று காதைத் தீட்டிக் கேட்டிருக்கிறேன். காற்று சொற்களை எடுத்துச் சென்றுவிடும். சிரிப்பு மட்டும் எஞ்சும்.

குழந்தை பொருந்திவிட்டாள், உடன்பாட்டின்படி இனி அச்சம் இல்லை என்று நான் மகிழ்ந்திருக்க வேண்டும். தொலைபேசியில் தமக்கையாரிடம் அப்படித்தான் சொன்னேன். உள்ளே வேறொன்று வளர்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பெயர் வைக்க அப்போது துணியவில்லை. இப்போது வைக்கிறேன்: பொறாமை.

காது குத்தாத ஐந்து அகவைப் பெண் குழந்தை கொங்கு நாட்டில் எல்லார் கண்ணிலும் படுவாள். பேருந்தில் அருகே அமரும் ஒவ்வொரு மூதாட்டியும் அவள் காது மடலைத் தொட்டுப் பார்த்து, ஏன் இன்னும் குத்தவில்லை என்று கேட்பார். அடுத்த கேள்வி, தாய்மாமன் இல்லையா என்பது. காது குத்தும்போது குழந்தை தாயின் உடன்பிறந்தான் மடியில்தான் அமர வேண்டும். அது அங்கே எழுதாச் சட்டம். என் மனைவிக்கு உடன்பிறந்த ஆண் இல்லை. அவள் நோயுற்றிருந்த காலத்தில் காது குத்துதல் தள்ளிப்போயிற்று. பிறகு நினைக்க மனமில்லை. இதையெல்லாம் ஓடும் பேருந்தில் எப்படிச் சொல்வது? ‘குத்த வேண்டும்’ என்று மட்டும் சொல்வேன்.

ஆனித் திங்களில் ஒருநாள் தோப்புக்காரர் என் வாயிலுக்கு வந்தார். வந்தவர் என்னைப் பாராமல் என் வீட்டு முற்றத்துத் தென்னையின் உச்சியைப் பார்த்துக்கொண்டு, காய் முற்றிவிட்டது, ஆள் அனுப்பிப் பறித்துத் தருகிறேன் என்றார். மழை தள்ளிப்போகிறது என்றார். புறப்படுபவர்போல் திரும்பினார். பிறகு, அதே தென்னையிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

“அம்மணிக்குக் காது குத்தறது… ஆடியில வேண்டாமுங்க. ஆவணியில பாத்துக்கலாமுங்க. எங்கூட்டுல சொல்லீட்டு இருந்தா.”

நானும் தென்னையைப் பார்த்துக்கொண்டே, ஆகட்டும் என்றேன்.

பல ஆண்டுகள் என்னிடமே நான் சொல்லிக்கொண்டது இது: அவர் பொதுவாக நாள் பார்த்து அறிவுரை சொன்னார், தம் மடியைத் தர முன்வருகிறார் என்பது அயலவனாகிய எனக்கு விளங்கவில்லை. தமக்கையாரிடமும் இப்படியே சொன்னேன். அது பொய். விளங்கியது. அவர் சென்றபின் முற்றத்திலேயே நின்றேன். அவர் மடியில் அவள் அமர்ந்தால், அவர் என் மனைவிக்கு உடன்பிறந்தவர் ஆகிறார். அவர்கள் அவளுக்கு உரிமையுள்ள உறவு ஆகிறார்கள். இன்று என்னைவிட்டு அவள் சிரிப்பு மட்டும் போயிற்று. அன்றிலிருந்து குழந்தையே போய்விடுவாள். இப்படித்தான் எண்ணினேன். இதை எண்ணும் மனிதனை வெளியிலிருந்து பார்த்தால் நானே எள்ளியிருப்பேன்.

ஆடி பிறந்து இரண்டாம் சனிக்கிழமை. தொலைபேசுவதற்காக வழக்கம்போல் அவளைக் கூட்டிக்கொண்டு உக்கடம் வரை பேருந்திலும், அங்கிருந்து நகரப் பேருந்திலும் ஆர்.எஸ்.புரம் சென்றேன். பேசி முடித்ததும் ஒரு நகைக்கடையில் நுழைந்தேன். ஆடி என்பதால் கடையில் வாங்குவோர் எவரும் இல்லை. காது குத்த வேண்டும் என்றேன். கடை ஆள் ஒருமுறை நாட்காட்டியைப் பார்த்தார்; பிறகு என்னைப் பார்த்தார். ஆசாரியை அழைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“மாமன் உக்காருங்க.”

“மாமன் இல்லை. நான் தந்தை.”

“அப்பன் மடியில வெச்சுக் குத்தற வழக்கமில்லீங்களே சார். கூட வேற யாரும் வரலீங்களா?”

வேறு யாரும் இல்லை என்றேன். விருப்பம் உங்களுடையது என்று ஒதுங்கிக்கொண்டார். நான் அமர்ந்தேன். மகள் என் மடியில். ஆசாரி காது மடலில் மையால் புள்ளி வைத்தபோது அவள் திரும்பி, “மாமா எப்ப வருவாங்கப்பா?” என்றாள். நான் அவள் தலையை முன்புறம் திருப்பிப் பிடித்தேன். முதற் காதுக்கு அழுதாள். இரண்டாம் காதுக்கு அழவில்லை. என் சட்டையைப் பற்றிக்கொண்டு வாயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் ஊர் திரும்பினோம். அவள் வேலி இடைவெளி வழியே ஓடினாள். நான் பின்னால் சென்றேன். அம்மையார் களத்தில் கொப்பரை கூட்டிக்கொண்டிருந்தார். குழந்தையைப் பார்த்ததும் கை நின்றது. அருகில் வந்து ஒரு காதைத் தொடாமல் பார்த்தார். மறு காதைப் பார்த்தார்.

“நல்லா இருக்குதுங்க” என்றார். “தண்ணி படாம பாத்துக்கோங்க.”

தோப்புக்காரர் வெளியே வந்தார், பார்த்தார். “நல்லதுங்க சார்” என்றார். அமரச் சொல்லி எனக்கு மோர் கொடுத்தார்கள். அதுவரை அந்த வீட்டில் எனக்கு எவரும் அமரச் சொல்லி மோர் கொடுத்ததில்லை. குழந்தையைக் கூட்ட வருபவன், நின்று அழைத்துச் செல்பவன். விருந்தினனாக நான் அமர்ந்தது அன்றுதான்.

அதன்பின் ஒரு கடுஞ்சொல்லும் இல்லை. மாறியவை எல்லாம் சிறியவை. அம்மையார் வேலி வழியே வருவதை நிறுத்தினார். முன்வாயிலுக்கு வந்து நின்று, “உள்ள வரலாமுங்களா?” என்று கேட்டார். குழந்தைக்குச் சடை பின்னலாமா என்று கேட்டுவிட்டே சீப்பை எடுத்தார். சில நாள்களில் அதற்கும் வரவில்லை. குழந்தை அங்கே சென்றால் தின்பண்டம் கொடுத்தார்கள். இருட்டுமுன் வாயில் வரை கொண்டுவந்து விட்டார்கள். அப்பா தேடுவார் என்றார்களாம். ஆவணியில் அவர் வீட்டில் ஏதோ நிகழ்ச்சி, பந்தல் போட்டார்கள். முறையாக வந்து என்னையும் அழைத்தார்கள். தோப்புக்காரருடைய தமக்கையின் பேரக் குழந்தைக்குக் காதணி விழா. பந்தியில் எனக்கு முதல் இலை. என் மகள் கூட்டத்துக்குள் நின்று, ஓர் உறவினர் மடியில் அக்குழந்தை அழுவதை வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வகுப்பு முடிந்தபின், களத்தில் கொப்பரை உலர்த்தும் பெண்மணி ஒருவர் பலகையைத் துடைத்துக்கொண்டே பின்தங்கினார். வகுப்பில் அகவையில் மூத்தவர். நாக்கில் கூர்மை உடையவர். விழாவில் அக்குழந்தைக்குப் போட்ட தோடு என் மகளுக்கென்று வாங்கி வைத்திருந்தது என்றும், ஆனியிலேயே ஒரம்பரை முழுதுக்கும், அதாவது உறவுக்காரர் எல்லாருக்கும், சொல்லிவிட்டார்கள் என்றும், குறித்த நாளை வீணாக்கக் கூடாது என்று உறவுக் குழந்தைக்குச் செய்தார்கள் என்றும் அவரே எனக்குச் சொன்னார். பிறகு பலகையை என் கையில் தந்தார்.

“எங்களுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லித் தாரீங்க. அந்தூட்டுக்காரரு மூஞ்சிய ஒரு நாளாச்சும் நீங்க படிச்சிருக்கலாமுங்க, சார்.”

அப்போதே சென்று உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். செல்லவில்லை. அவர்கள் சினந்திருந்தால் சென்றிருப்பேன். அவர்கள் என்னிடம் மேலும் மேலும் பணிவாக நடந்துகொண்டார்கள்; அந்தப் பணிவின் முன் நின்று எதைத் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. பாட நூலுக்கு எளிய தமிழில் நூறு வரிகள் எழுதினேன். அந்த வீட்டு வாயிலில் நின்று சொல்ல வேண்டிய ஒரு வரி எனக்கு வாய்க்கவில்லை.

மகள் மீண்டும் தட்டைத் தள்ளி வைக்கத் தொடங்கினாள். வேலி இடைவெளிக்கு அருகே, இப்பக்கமே அமர்ந்து விளையாடினாள். அங்கே போகலாமே என்றால், “கூப்புடலீங்கப்பா” என்பாள். காது ஒன்று சீழ் கோத்து ஆற ஒரு திங்கள் ஆயிற்று. ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, தொலைபேசிக் கூண்டுக்குள் என் காலைக் கட்டிக்கொண்டு நின்றவள், பெரியம்மா என்ன கேட்டாரோ, “நான் அங்க வாரனுங்க பெரியம்மா” என்றாள். அழவில்லை. மறுமுனையில் தமக்கையார் அழுவது எனக்குக் கேட்டது. ஒலிவாங்கியை நான் பெற்றுக்கொண்டேன். உடன்பாடு உடன்பாடுதான் என்றேன்.

கார்த்திகை இறுதியில் தமக்கையார் சென்னைக்கு வருவதாக ஏற்பாடாயிற்று. நாங்கள் புறப்பட்ட காலை அம்மையார் முன்வாயிலில் வந்து நின்றார். இம்முறை எதுவும் கேட்கவில்லை. நேரே வந்து, வாயிற்படியில் அமர்ந்து, குழந்தையைத் தம் முழங்கால்களுக்கிடையே நிறுத்திச் சடை பின்னினார். பின்னி முடித்ததை அவிழ்த்து மீண்டும் பின்னினார். பேருந்துக்கு நேரமாகிறது என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று. தோப்புக்காரர் வரவில்லை. தோப்பில் நீர் பாய்ச்சுகிறார் என்றார்கள். பொள்ளாச்சி சாலையில் பேருந்து ஏறும் வரை மகள் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சென்னையில் மகளைத் தமக்கையாரிடம் ஒப்படைத்துவிட்டு நான் மட்டும் திரும்பினேன். மார்கழி முழுதும் வகுப்புக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். தோளில் கனமில்லாமல் இட்டேரியில் நடப்பது எவ்வளவு விரைவானது என்பதைக் கண்டேன். வேலிக்கு அப்பாலும் ஒலி இல்லை. ஒருநாள் மாலை, விளக்கேற்றும் முன், அந்த வேலி இடைவெளி வழியே நானே முதன்முறையாகத் தனியாகச் சென்றேன். இருவரும் களத்தோரம் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்திருந்தார்கள். எழ முயன்றார்கள். வேண்டாம் என்று நான் தரையில், காய் மட்டைக் குவியல் அருகே அமர்ந்தேன்.

சுற்றி வளைக்கவில்லை. நீங்கள் மடி தர முன்வந்தது எனக்கு அன்றே விளங்கியது. விளங்காதவன்போல் இருந்துவிட்டு, உங்களை முந்திக்கொள்ளவே நகரத்துக்குப் போனேன். அவள் உங்கள் குழந்தையாகிவிடுவாளோ என்று அஞ்சினேன் என்றேன். எவ்வளவோ செந்தமிழ் பேசிய வாய்; அன்று அதைச் சொல்லி முடிக்க மூன்று முறை தடுக்கிற்று.

அம்மையார்தான் பேசினார்.

“நாங்க என்ன நெனச்சோம் தெரியுங்களா? சாதி கொலம் வேண்டாம்னு இருக்கறவீங்க, எங்க மடி ஆகாதுன்னு நெனச்சுப்போட்டீங்கன்னு. அதனாலதான் புள்ளைய ஒட்ட விடாம அனுப்புனோம். நீங்க பொறாமைப்பட்டீங்கன்னு தெரிஞ்சிருந்தா…” கணவரை ஒருமுறை பார்த்தார். “சிரிச்சிருப்போமுங்க. புள்ளைய வெச்சுட்டு, உங்களத்தான் நாலு வார்த்த பேசியிருப்போம்.”

தோப்புக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“குத்துனது குத்துனதுதானுங்க” என்றார். “இனி அதுக்கு மடி போட முடியாது.” பிறகு, “எங்கிருந்து பேசுவீங்க, அம்மணிகிட்ட?” என்று கேட்டார்.

தை பிறந்தபின் வந்த சனிக்கிழமை மூவரும் ஆர்.எஸ்.புரம் சென்றோம். அவர் சலவை வேட்டி கட்டியிருந்தார். ஈப்போவில் கோவையைவிட இரண்டரை மணி நேரம் முந்தி. சனிக்கிழமை பள்ளி இல்லாததால் குழந்தை வீட்டில் இருப்பாள் என்று கணக்கிட்டு நண்பகலுக்கு முன்பே அழைத்தேன். மணி ஒலித்ததும் நான் பேசவில்லை. ஒலிவாங்கியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து நின்றேன். கூண்டில் இருவருக்குத்தான் இடம்.

அவர் ஒலிவாங்கியை இரு கையாலும் பற்றிக்கொண்டார். பிறகு மிக உரக்க, கடல் கடக்க வேண்டுமே என்பதுபோல, “அம்மணி, சாப்புட்டியா கண்ணு?” என்றார். வெளியே எனக்கே கேட்டது. அவள் என்ன சொன்னாளோ, அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். தலையாட்டுவது மறுமுனைக்குத் தெரியாது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அம்மையார் ஒலிவாங்கியைப் பிடுங்குவதும், அவர் விடாமல் பற்றுவதும், இருவரும் கன்னம் ஒட்ட அதில் காதை வைப்பதும் கண்ணாடி வழியே தெரிந்தன. ஒரு கட்டத்தில் இருவரும் சிரித்தார்கள். அவள் சொன்னது இம்முறையும் எனக்குக் கேட்கவில்லை. என் முறை வருமுன் இணைப்பு அறுந்தது. மீண்டும் அழைக்கட்டுமா என்று கூண்டுக்காரர் கேட்டார். இன்றைக்குப் போதும் என்றேன்.

திரும்பும் பேருந்தில் அவர்கள் இருவரும் ஓர் இருக்கையில் அமர்ந்து, அவள் சொன்னதை ஒருவருக்கொருவர் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். நான் பின்னிருக்கையில். என்ன சொன்னாள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, அது அவர்களுடையது. எஞ்சிய ஓராண்டும் ஒவ்வொரு சனிக்கிழமை முறையிலும் முதற்பேச்சு அவர்களுக்கு, மீதி எனக்கு என்று ஆயிற்று.

இங்கே நான் எழுதியவற்றுள் நினைவுத் தவறுகள் இருக்கலாம். காது குத்தியது ஆடி இரண்டாம் சனிக்கிழமையா, மூன்றாவதா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஆவணி விழாவில் அமர்ந்த குழந்தை தோப்புக்காரருடைய தமக்கையின் வழியா, தங்கையின் வழியா என்பதும் உறுதியில்லை. கொங்கு வழக்கைப் பேச்சில் எழுதிய இடங்களில் என் அயற்செவி பிழைத்திருக்கும். அவ்வட்டாரத்தார், சிறப்பாக அந்த மாலை வகுப்பில் எழுதிப் பழகியவர்கள், இதைப் படிக்க நேர்ந்தால் பிழை கண்ட இடத்தைக் கோடிட்டு எனக்கு எழுதியனுப்ப வேண்டுகிறேன். என் மகளும் இதைப் படிப்பாள். அவள் நினைவு என்னுடையதிலிருந்து மாறுபடுமானால், அவளுடையதையே சரியெனக் கொள்ளுங்கள்.